அன்லிமிட்டட்டை நம்பி எடுத்த சாறி

அக்கான்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்கு சாறி எடுக்கவெண்டு போன மாசம் அம்மாவோட பலாலியில பிளேன் ஏறி சென்னைக்குப் போட்டு வந்தனான். வெளிக்கிட முதலே வீட்டில சண்டை. "என்ர போனில அன்லிமிட்டட் பக்கேஜ் கிடக்குத்தானே, பிறகென்னத்துக்கு காசைக் கரியாக்கிறாய்?" எண்டு அம்மா. அது இஞ்ச மட்டுந்தான், கடல் தாண்டினா ரோமிங், அது வேற கணக்கு எண்டன். "அப்ப ஏன் அன்லிமிட்டட் எண்டு பேர் வச்சவங்கள்?" அதுக்கு என்னட்ட பதிலில்ல.

அங்க போய் சிம் எடுக்கிறதெண்டால் பாஸ்போட், விசா கொப்பி, போட்டோ எல்லாம் குடுத்து அது வேலை செய்யுமட்டும் காத்திருக்கோணும். சரியெண்டு, சிம் அட்டை போடாம நெற்றில வாங்கி நேர போனுக்குள்ள ஏத்திற இசிம் பாத்தன், *#06# அடிக்க ஈஐடி நம்பர் வந்துது, அப்ப என்ர போனில ஏறும். பத்து நாளைக்கு 10 ஜிபி எண்டு ஒண்டு, அன்லிமிட்டட் எண்டு ஒண்டு. அன்லிமிட்டட் விலை கூட, எண்டாலும் அம்மான்ர வாயை நினைச்சு அதையே எடுத்தன். கீழ எறும்பு மாதிரி எழுத்தில நாளுக்கு 1 ஜிபிக்குப் பிறகு வேகம் 128 கேபிபிஎஸ் எண்டு கிடந்ததை தி.நகரிலதான் வாசிச்சன். அந்த வேகத்தில 3 எம்பி படமொண்டு போகவே மூண்டு நிமிசத்துக்கு மேல வேணும்.

பின்னேரம் ஆறு மணி, அக்கா இருக்கிற ரொறன்ரோவில காலமை எட்டரை. என்ர ஹொட்ஸ்பொட்டில அம்மான்ர போன், அதில வீடியோ கோலில அக்கா. காலமையில இருந்து அம்மா கோயில் கோயிலா எல்லாருக்கும் நேரலை காட்டினதில 1 ஜிபி எப்பவோ முடிஞ்சுது. கடைத் தம்பி மெரூன் சாறியை விரிச்ச இடத்தில அக்கான்ர பக்கம் படம் உறைஞ்சு போச்சு, அவவுக்கு அது தெரியேல்ல, தம்பியோ மெரூனைச் சுருட்டி வச்சிட்டு பச்சைக் கரை போட்ட பஞ்சுமிட்டாய் றோஸை விரிச்சிட்டார். அந்த நேரம் பாத்து அக்கான்ர குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி வருது: "இதுதான் அம்மா, நல்ல வடிவு, உடன எடுங்கோ!"

எடுத்தாச்சு. பில்லும் போட்டாச்சு.

ராத்திரி ஹொட்டல் வைபையில படம் போட்டா அக்கா கேக்கிறா, "இதார் எடுத்தது?" மாத்தப் போனா மெரூன் வித்துப்போச்சாம்.

இதுக்குள்ள இன்னொண்டு, அந்த இசிம்மில நாள் தொடங்கிறது கிறீன்விச் நேரப்படி, எங்களுக்கு விடிய அஞ்சரை. அதைத் தெரியாத்தனமா அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். மிச்ச நாள் முழுக்க டாணெண்டு அஞ்சரைக்கு என்னைத் தட்டி எழுப்பி, "தம்பி, வேகம் வந்திட்டுது, ஹொட்ஸ்பொட்டைப் போடு!"

அடுத்தமுறை எத்தினை ஜிபி எண்டு பாத்து அளவாத்தான் வாங்குவன். ஹொட்ஸ்பொட்டும் பாஸ்வேட்டோட.