555-க்குள் ஒளிந்திருந்த இரண்டு கோர்: ஒன்று வசப்பட்டது, இன்னொன்று முரண்டு

ஏஎம்டியின் ஃபீனம் II எக்ஸ்2 555 பிளாக் எடிஷன் பிராசஸர் (உள்ளே நான்கு கோர், அதில் இரண்டைப் பூட்டி விற்றது), 785ஜி மதர்போர்டு, அதன் துணைச் சிப்பான எஸ்பி710 சவுத் பிரிட்ஜ், விண்டோஸ் 7. இன்றைய நிலவரம்: மூன்று கோர் திடமாக ஓடுகிறது. நான்காவது, முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95-இல் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. விற்றது இரண்டு கோர் என்றுதான், எனவே புகார் சொல்ல வழியில்லை.

பயாஸில் ஏசிசி-யை (அட்வான்ஸ்டு க்ளாக் கேலிபரேஷன், கோர் திறக்க உதவும் சவுத் பிரிட்ஜ் வசதி) ஆட்டோவில் வைத்தால் கோர் திறந்துவிடும் என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்தப் போர்டில் அது போதாது. அதே பக்கத்தில் 'இசி ஃபர்ம்வேர் செலக்‌ஷன்' என்று ஒரு வரி இருக்கும். அது நார்மலில் இருக்கும்வரை தலைகீழாக நின்றாலும் இரண்டே கோர்தான். முதலில் அதை ஹைபிரிட், பிறகு ஏசிசி ஆட்டோ, சேமிக்க எஃப்10. வெறும் ரீஸ்டார்ட்டை நம்பாமல் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) சுவிட்சை அணைத்துப் பத்து விநாடி விட்டுப் போடுங்கள். ஆன் ஆனதும் முதலில் வரும் போஸ்ட் திரையில் பெயரே மாறி 'ஃபீனம் II எக்ஸ்4 பி55' என்று வந்தால் திறந்துவிட்டது என்று பொருள். எஸ்பி850 போர்டுகளில் ஏசிசி கிடையாது. அங்கே ஏசுஸில் கோர் அன்லாக்கர், ஏஎஸ்ராக்கில் யுசிசி என்று அதே வேலைக்கு ஆளுக்கொரு பெயர்.

போஸ்டில் நான்கு, டாஸ்க் மேனேஜரில் இரண்டு! இது பயாஸ் கோளாறு இல்லை. எம்எஸ்கான்ஃபிக், பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'நம்பர் ஆஃப் பிராசஸர்ஸ்' டிக் ஆகி 2 என்று நின்றிருந்தது. பூட் வேகமாகும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த எண் உச்சவரம்பு மட்டும்தான், வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 4 என்று மாற்றுவதைவிட டிக்கையே எடுத்துவிடுவது நல்லது.

உண்மையான தலைவலி, கெட்ட கோர் எது என்று பிடிப்பதில். பயாஸில் கோர் எண் 0 முதல் 3 வரை. டாஸ்க் மேனேஜரிலும் அப்படியே. பிரைம்95-இல் மட்டும் கோருக்கு ஒரு வொர்க்கர் என்று 1 முதல் 4. அதன் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை ஓடும்போது வொர்க்கர் 4-இல் 'ரவுண்டிங் வாஸ் 0.5, எக்ஸ்பெக்டெட் லெஸ் தேன் 0.4' என்று வந்து நின்றால், சந்தேகப்பட வேண்டியது பயாஸின் கோர் 3. இதுவரை சரி. உறுதிப்படுத்த, 'சிபியு கோர் கன்ட்ரோல்' மேனுவலில் கோர் 2-ஐ அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் இப்போது வொர்க்கர் 3 விழுகிறது. ஆக இரண்டுமே கெட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். விண்டோஸ் இடைவெளி விட்டு எண்ணாது. கோர் 2 இல்லாதபோது பயாஸின் கோர் 3-தான் விண்டோஸின் சிபியு 2, பிரைமின் வொர்க்கர் 3. அதே ஆள்தான், நாற்காலி மாறி உட்கார்ந்திருக்கிறான். திருப்பிப் போட்டு, கோர் 3-ஐ அணைத்து கோர் 2-ஐ விட்டதில் ஆறு மணி நேரம் ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு சோதனைக்கும் எது ஆன், எது ஆஃப் என்று தாளில் எழுதி வையுங்கள். நினைவை நம்பினால் நல்ல கோரைத்தான் அணைப்போம்.

கோர் திறந்ததும் சிப்புக்குள் இருக்கும் வெப்ப சென்சார் உளறும். வெப்பம் காட்டும் கோர் டெம்ப் மென்பொருளில் 0 டிகிரி என்று வந்தால் குளிர்ந்துவிட்டதாக மகிழ வேண்டாம். போர்டின் சாக்கெட் சென்சார் எண்ணை மட்டும் பாருங்கள். அது கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும், எனவே 60-ஐத் தாண்ட விடாமல் நிறுத்திவிடுவது உத்தமம்.

இன்னொரு வில்லன், பயாஸ் அமைப்பைக் காக்கும் சிஆர்2032 பேட்டரி. நேற்று மூன்று, இன்று காலை இரண்டு என்று கோர் காணாமல் போனால் முதலில் பயாஸ் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பின்னோக்கிப் போயிருந்தால் பேட்டரி செத்து, அமைப்பு மொத்தமும் டிஃபால்ட்டுக்குத் திரும்பியிருக்கிறது. மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே காட்டினால் யோசிக்காமல் மாற்றுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய போர்டு வாங்கும்போதே கூட ஒரு பேட்டரியும் வாங்கிவிடுங்கள். சவுத் பிரிட்ஜ் ஹீட்சிங்க்கைக் கழற்றிச் சிப் எண்ணைப் பார்க்க கடைக்காரர் விடமாட்டார். போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், எஸ்பி700 இல்லை, 710 அல்லது 750-தான் என்று உறுதிசெய்த பிறகு பணம் கொடுக்கலாம். 700-இல் ஏசிசி இல்லை.

அடுத்து கண் வைத்திருப்பது எக்ஸ்4 960டி. உள்ளே ஆறு கோர் சிப், திறந்தால் 'எக்ஸ்6 1605டி' என்று பெயர் மாறும். ஆனால் அதற்கு முன் இந்தக் கோர் 3. சிபியு வோல்டேஜ் இப்போது 1.35 வோல்ட். 0.025 வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் பிரைம். 1.425-லும் விழுந்தால் கோர் கன்ட்ரோலில் நிரந்தரமாக ஆஃப்.