கெமிஸ்ட்ரில 61ஆ?

அக்கா பொண்ணு பிளஸ் டூ ரிசல்ட் பார்த்துட்டு ரெண்டு நாள் சாப்பிடல, கெமிஸ்ட்ரி மட்டும் 61, மத்ததெல்லாம் எண்பதுக்கு மேல. பக்கத்து வீட்டு அங்கிள் வேற "போர்டு போட்டா போட்டதுதான்மா"ன்னு ஆறுதல் சொல்றாராம். அப்படியெல்லாம் இல்லங்க. நம்ம ஊர்ல முதல்ல விடைத்தாள் காப்பி கேக்கணும், கையில காப்பி இருந்தாதான் மறுமதிப்பீடு கேக்க முடியும், இந்த வரிசை தெரியாம கடைசி தேதியை விட்டவங்க நிறைய பேர். 2011லயே சுப்ரீம் கோர்ட் சிபிஎஸ்இ கேஸ்ல சொல்லிடுச்சு, திருத்தின பேப்பரைப் பாக்க ஆர்டிஐல, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, மாணவனுக்கு உரிமை இருக்குன்னு. ஆனா பாக்குறது வேற, மறுபடி திருத்தச் சொல்றது வேற. ரூல்ஸ்ல இடம் இல்லன்னா அதை உரிமையா கேக்க முடியாதுன்னு 1984லயே மகாராஷ்டிரா போர்டு கேஸ்ல தீர்ப்பு இருக்கு. மறுமதிப்பீட்டுல மார்க் குறையவும் வாய்ப்பு இருக்கு, அதையும் யோசிச்சுக்கோங்க.

காப்பி வந்துச்சு. அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணுல சமன்பாட்டைப் பாதில விட்டுட்டு அடுத்த பக்கம் போயிருக்கா மகராசி. பாத்துட்டு அவளே சிரிச்சுட்டா, "சித்தி, பசிக்குது"ன்னா.