ஸ்டெப்னிக்குச் சொந்தக்காரர் யார்?

பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் வண்டி வைத்திருப்பவரிடம் மைலேஜ் பற்றிக் கேட்கலாம், சர்வீஸ் செலவு பற்றிக் கேட்கலாம். "எந்த நிறுவனத்து வண்டி நல்லது?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய வேலை கெட்டது. எங்கள் குடும்பத்தில் அதை யாரும் கேட்பதே இல்லை. பெரியப்பாவும் சித்தப்பாவும் கேட்காமலேயே பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்.

பெரியப்பாவிடம் இருப்பது இசுஸு டி-மேக்ஸ்; சித்தப்பாவிடம் மாஸ்டா பிடி-50. டீசல் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், "1936-லேயே டீசல் எஞ்சின் செய்தவர்கள் இசுஸுக்காரர்கள்" என்று பெரியப்பா ஆரம்பித்துவிடுவார், அந்த எஞ்சினுக்கு நட்டு முடுக்கியவரே அவர்தான் என்பது போல. சித்தப்பா சளைத்தவரா? "1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது யார்? மாஸ்டா!" என்பார். வென்றது ரோட்டரி எஞ்சின் பொருத்திய பந்தயக் கார். இவர் ஓட்டுவதோ சுமை ஏற்றும் டீசல் வண்டி. இதை எடுத்துச் சொன்னால், "ரத்தம் ஒன்றுதானே" என்று பதில் வரும்.

ஒரு டன் வரை சுமக்கும், 3.5 டன் ட்ரெய்லரை இழுக்கும் என்பது இருவருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த இரண்டு வண்டிகளிலும் பெரும்பாலும் சவாரி செய்வது மழைத்தண்ணீர்தான். பின்பக்கம் இருப்பவை சுமைக்காகவே அமைத்த லீஃப் ஸ்பிரிங் பட்டைகள். காலியாக ஓடும்போது சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பு வழியாக மூளைக்குத் தகவல் அனுப்பும். இரண்டிலும் மாறி மாறிப் பயணம் செய்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன், முதுகு வலியில் எள்ளளவும் வித்தியாசம் கிடையாது.

அக்கா வீடு மாறியபோதுதான் இரண்டுக்கும் உண்மையான வேலை வந்தது. பீரோ யார் வண்டியில் ஏறுவது என்று அரை மணி நேரம் வாக்குவாதம். வயதில் மூத்தவர் என்ற ஒரே காரணத்தால் பீரோ பெரியப்பாவுக்குப் போனது. சித்தப்பாவுக்கு வந்தவை மெத்தைகளும் தலையணைகளும். "மெத்தை ஏற்றவா இந்த எஞ்சினை வாங்கினேன்?" என்று முணுமுணுத்தபடியே அவர் வண்டியைக் கிளப்பினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பாதி வழியில் முன்னால் போன டி-மேக்ஸ் ஓரமாக நின்றது. பின் டயரில் ஆணி. நாங்கள் இறங்கி அருகில் போவதற்குள், "ஆணிக்கு எந்த வண்டி என்று தெரியுமா?" என்றார் பெரியப்பா. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வண்டிகளில் ஸ்டெப்னி சரக்குத் தொட்டிக்கு அடியில் தொங்கும். பின் பம்பர் அருகே உள்ள துளையில் கம்பியை விட்டுச் சுற்றினால் சங்கிலியோடு இறங்கி வரும். துளையைக் கண்டுபிடிப்பதற்கே வண்டியோடு வந்த கையேட்டைத் திறக்க வேண்டியிருந்தது. அதன் பிளாஸ்டிக் உறை அப்போதுதான் முதன்முறையாகக் கிழிந்தது. ஒருவழியாக ஸ்டெப்னி தரையைத் தொட்டது. தொட்டு, அப்படியே சப்பையாக உட்கார்ந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் நலம் விசாரிக்கவில்லை போலிருக்கிறது.

சித்தப்பா இந்த நாளுக்காகவே காத்திருந்தவர். "அண்ணா, என்னிடம் ஸ்டெப்னி இருக்கிறது. ஆனால் மாஸ்டா சக்கரம். உங்கள் வண்டி ஏற்றுக்கொள்ளுமோ என்னவோ!"

"பொருந்தாது" என்றார் பெரியப்பா, சக்கரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பொருந்தியது. ஆறு துளைகளும் ஆறு போல்ட்டுகளில் போய் உட்கார்ந்தன. டயரில் பொறித்திருந்த எண்களும் ஒன்றே. நட்டுகளை முடுக்கிக்கொண்டே நான் மெதுவாகச் சொன்னேன்: 2020-ல் வந்த பிடி-50-ஐ மாஸ்டாவுக்காகத் தாய்லாந்தில் தயாரிப்பதே இசுஸுதான். இரண்டு வண்டிக்கும் ஒரே அடிச்சட்டம், ஒரே மூன்று லிட்டர் டீசல் எஞ்சின்.

பெரியப்பாவின் முகத்தில் வந்த மலர்ச்சியை என் திருமணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. "அப்படியானால் இவன் ஓட்டுவது இசுஸு! இத்தனை நாள் நம் வீட்டில் இரண்டு இசுஸு!"

"செய்தது யாராக இருந்தால் என்ன? வெளித்தோற்றம் மாஸ்டாவின் வடிவமைப்பு. உங்கள் வண்டிக்கு இந்த முகம் இல்லையே அண்ணா" என்றார் சித்தப்பா, கொஞ்சமும் கலங்காமல்.

அவர் கலங்காததில் வியப்பில்லை. இதற்கு முன் அவர் வைத்திருந்ததும் பிடி-50தான். அது ஃபோர்ட் ரேஞ்சரோடு சேர்ந்து உருவான தலைமுறை, 3.2 லிட்டர், ஐந்து சிலிண்டர். ஐந்து சிலிண்டர் இல்லாததெல்லாம் ஒரு வண்டியா என்று அப்போது கேட்டவர், இப்போது நான்கு சிலிண்டரின் சிக்கனத்தைப் புகழ்கிறார். முகப்பில் சின்னம் மாறாதவரை உள்ளே எது மாறினாலும் அவருக்குச் சம்மதம். பிக்கப் உலகமே இப்படித்தான் ஓடுகிறது. 1972-ல் அமெரிக்காவில் செவ்ரோலெ தன் பெயரில் விற்ற லவ் என்ற சிறிய பிக்கப் இசுஸு செய்து கொடுத்தது. இன்றைய ஃபோர்டு ரேஞ்சரும் ஃபோக்ஸ்வாகன் அமராக்கும் தென்னாப்பிரிக்காவில் ஒரே ஆலையிலிருந்து வருகின்றன. அந்த இரண்டையும் வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள் எங்கேயாவது இருப்பார்கள், பாவம்.

பீரோ பத்திரமாக வீடு சேர்ந்தது. பெரியப்பா பஞ்சர் ஒட்டிய டயரை மாட்டிக்கொண்டார், தன் ஸ்டெப்னிக்கும் காற்று அடித்தார், ஆனால் தம்பியின் சக்கரத்தைத் திருப்பித் தரவில்லை. கேட்டுப் பார்த்துச் சலித்த சித்தப்பா நேரிலேயே போய்விட்டார். கழுவித் துடைத்த இரண்டு இரும்புச் சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. "உன்னுடையது எது என்று நீயே பார்த்து எடுத்துக்கொள்" என்றார் பெரியப்பா.

சித்தப்பா இரண்டையும் உருட்டினார், தட்டினார், குனிந்து பார்த்தார். கடைசியில் காற்று அதிகமாக இருந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்குள் நுழைவதற்குள் தொலைபேசி அழைப்பு. "டேய், நீ தூக்கிக்கொண்டு போனது இசுஸு!"