கயிற்றில் வந்த மயில்

எங்கள் மயில் சனிக்கிழமை ஐந்தாம் மாடி ஏறிவிட்டது. படி வழியாக அல்ல.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மயில் என்றால், கட்டம்கட்டமான கேன்வாஸில் கம்பளி நூலால் நான் தைத்த படம். தைப்பதெல்லாம் ஒரு வேலையே இல்லை. கரண்ட் இருந்தால் விளக்கடியில், இல்லாவிட்டால் பால்கனியில் என்று ஊசி தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். கடைசிக் கட்டத்தை நிரப்பி நூலை வெட்டிய பிறகுதான் ஏழரை ஆரம்பிக்கிறது. கேன்வாஸும் கம்பளி நூலும் சிங்கப்பூர்ச் சின்னம்மா அனுப்பியவை. தையலோ, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து விழுகிற ரகம். ஆயிரக்கணக்கில் தையல் விழுந்து எல்லாமே ஒரு பக்கம் இழுத்தால் துணி என்ன செய்யும்? செவ்வகமாக உள்ளே போன மயில் இணைகரமாக வெளியே வந்தது. கணக்குப் பாடத்தில் இணைகரம் என்றால் என்னவென்று சின்னவனுக்கு அன்றுதான் விளங்கியதாம். பின்பக்கம் கூடைமுடைச்சலாக வரும்படி தைத்தால் இவ்வளவு இழுக்காது. ஆனால் அதற்கு நூல் கூடுதலாகப் பிடிக்கும். சின்னம்மாவோ எதையும் அளந்து கொடுக்கிறவர், உங்களுக்குத் தெரியாததா.

சாய்ந்த மயிலை நிமிர்த்த ஒரே வழி, கேன்வாஸை நனைத்து, மூலைக்கு மூலை இழுத்து, பலகையில் அங்குலத்துக்கு ஓர் ஆணி அடித்துப் படுக்கைவாட்டில் காயவிடுவது. ஆணி துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரமெல்லாம் செம்புள்ளி விழும். பித்தளை ஆணி கிடைத்தது. பலகைதான் பிரச்சினை. மட்டமாக, நேர்கோடுகளுடன், தேவையான அகலத்தில் எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதில் இவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கேரம் ஆடிக்கொண்டிருக்கிறார்.

மேலே கண்ணாடித்தாள் விரித்துத்தான் அடித்தேன். கோடு தெரிய வேண்டுமே. ரங்கூன் மழையில் கைக்குட்டையே காய்வதில்லை. கம்பளி காய்வதைப் பற்றிக் கேட்க வேண்டுமா? அதுவரை வீட்டில் கேரமும் இல்லை, சிரிப்பும் இல்லை. இப்போது ஆட்டத்தில் தோற்கும்போதெல்லாம், சிவப்புக் காய் ஆணித்துளையில் தடுக்கிவிட்டது என்கிறார். முன்பு எதில் தடுக்கிற்று என்று நான் கேட்பதில்லை.

அத்தை ஆணியடித்த மயிலைச் சுற்றிவந்து பார்த்தார். "மயில் இருக்கிறது, முருகன் எங்கே? வாகனத்தை மட்டும் நிறுத்திவிட்டு ஆளைக் காணோமே" என்றார்.

இரண்டாம் மாடி பர்மிய அம்மாவும் வந்து பார்த்தார். அவர் வீட்டுக் கூடத்தில் கறுப்பு வெல்வெட்டில் ஒரு யானை தொங்குகிறது. ஸ்காட் மார்க்கெட்டில் வெளிநாட்டுக்காரர் தலையில் கட்டுகிற சரக்கு அல்ல, மாண்டலேயில் சொல்லிச் செய்தது. தங்க நூல், ஜிகினாவட்டு, துணிக்கடியில் பஞ்சு அடைத்து யானையின் வயிறு சுவரைவிட்டு முன்னால் வந்து நிற்கும். அந்தக் கண்ணால் என் மயிலைப் பார்த்துவிட்டு, மிகவும் பரிவோடு, "பஞ்சு தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டார்.

அடுத்தது பிரேம் கடை. எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். கடைக்காரர் முதலில் மயிலைப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டப்பார்த்தார். நம் ஊர் ஈரத்தில் பசை என்பது பூஞ்சைக்கு வைக்கிற விருந்து. ஆகவே நானே அட்டையின் பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த நூலால் இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். கண்ணாடி கம்பளியில் உரசக் கூடாது, நடுவில் இடைவெளிக்குச் சிறு பட்டை வையுங்கள் என்றேன். தலையாட்டினார். அப்படியே வைத்தும் இருந்தார். கேட்காமல் செய்தது ஒன்றுதான்: சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குத் தேக்கில் கொடியும் பூவும் செதுக்கிய சட்டம். மயிலுக்குச் சட்டம் போட்டாரா, சட்டத்துக்கு நடுவில் மயிலை ஒளித்தாரா தெரியவில்லை. காசை வாங்கிக்கொண்டு, "வீட்டுக்கு லட்சணமாக இருக்கும்" என்றார். வீட்டைவிடக் கொஞ்சம்தான் சிறியது.

டாக்ஸியில் கொண்டுவந்து இறக்கியபோது கரண்ட் இல்லை. எங்கள் படிக்கட்டு உங்களுக்குத் தெரியும். இருட்டில், மாடிக்கு மாடி தண்ணீர் டிரம்மும் சைக்கிளும் தாண்டி, கண்ணாடியோடு இரண்டு ஆள் ஏறுவது நடக்காது. இவர் அண்ணாந்து பார்த்தார். பால்கனியிலிருந்து பேப்பர்க்காரருக்காகத் தொங்குகிற கயிறும் மணியும் கிளிப்பும் கண்ணில் பட்டன. அவ்வளவுதான்.

டீக்கடையிலிருந்து நைலான் கயிறு வந்தது. கயிறோடு டீக்கடையும் வந்தது. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவர் முடிச்சுப் போட்டார், அதை அவிழ்த்து இன்னொருவர் வேறு முடிச்சுப் போட்டார். மேலே இவரும் சின்னவனும் நாலாம் மாடிப் பையனும் வடம்பிடித்தார்கள், தேரோட்டமேதான். அத்தை பால்கனியில் நின்று "வேல் வேல்" என்று ஆரம்பித்துவிட்டார். முருகன் இல்லை என்று குறை சொன்னவர்தான்.

இரண்டாம் மாடி வரை மயில் ஒழுங்காக வந்தது. அதன் பிறகு காற்றில் சுழன்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. தெருவே என் முடிச்சுகளையும் பின்பக்கத்து நூலையும் அண்ணாந்து பார்த்தது. பின்பக்கத்தைத் துணியோ தாளோ ஒட்டி மூடாத கடைக்காரரை அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் மாடியில் ஒரு மூலை துணி காயப்போடுகிற கொடியில் மாட்டியது. கீழேயிருந்து ஐம்பது பேர் ஐம்பது விதமாகக் கத்தினார்கள். இவர் ஓங்கி இழுத்தார். மயில் வந்தது, கொடியில் கிடந்த லுங்கியும் வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனால், அந்த வீட்டுக்காரர் கைகட்டிக்கொண்டு, மற்ற துணி எங்கே என்று கேட்கிறார்.

மாட்டிய இடத்திலும் சண்டைதான். வெயில் படுகிற சுவரென்றால் நிறம் வெளுக்கும், அடுப்படிப் பக்கமென்றால் நப்பி என்கிற மீன்விழுதின் வாடை ஏறும், நடுச்சுவரில் மழைக்கசிவு. கடைசியில் நடுச்சுவர்தான். சட்டத்தின் கீழ்மூலைகளில் தக்கை ஒட்டிச் சுவரைத் தொடாமல் காற்றோட்டம் விட்டிருக்கிறேன். கசிவுக் கறை மறைந்ததே என்று அத்தைக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். "கயிற்றில் வந்தது இதுதானா?" என்கிறார்கள். கழுத்தில் மூன்று நீலத்தைக் கலந்து தைத்திருக்கிறேனே, அதை ஒருவராவது கிட்டப்போய்ப் பார்க்க வேண்டுமே! எல்லோரும் நேராகப் பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப்பார்க்கிறார்கள். இவர் கூடவே நின்று, எந்த மாடியில் எப்படிப் பிடித்தார் என்று கையை விரித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் காற்று பலமாகிக்கொண்டே வருகிறது.

நேற்று எதிர்வீட்டுக்காரர் வந்தார். காபி கொடுத்தேன். மயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தங்கள் பீரோவை ஏற்ற முடியுமா என்று இவரிடம் கேட்டார்.

"எத்தனையாவது மாடி?" என்கிறார் இவர்.