குலுக்காதீர்கள், கலக்குங்கள்

நேற்றிரவு பாபி பர்ன்ஸ் என்ற காக்டெயில் கலந்தேன். 60 மில்லி ஸ்காட்ச் விஸ்கி, 30 மில்லி இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்), ஒரு தேக்கரண்டி பெனடிக்டின். அவ்வளவுதான் சரக்கு.

பெனடிக்டினில்தான் விஷயமே இருக்கிறது. பிரான்சின் ஃபெக்காம் நகரில், 27 மூலிகைகளும் நறுமணப் பொருள்களும் சேர்த்துச் செய்யும் மதுபானம் அது. தேன் போல இனிக்கும், பின்னால் ஒரு கஷாய வாசம் எட்டிப் பார்க்கும். கை தாராளமாகிவிட்டால் விஸ்கி காணாமல் போய்விடும். அளவில் கஞ்சத்தனம் நல்லது.

முதல் தடவை ஆர்வக்கோளாறில் ஷேக்கரில் போட்டுக் குலுக்கினேன். காற்றும் பனித்துகளும் புகுந்து, அரிசி கழுவிய நீர் போல் கலங்கி நின்றது. இது போல் மது மட்டுமே சேர்ந்த பானத்தைக் குலுக்கவே வேண்டாம். பெரிய பனிக்கட்டிகள், நீளக் கரண்டி, முப்பது விநாடி நிதானம். பனி உருகிச் சேரும் தண்ணீரும் இதில் ஒரு பங்குதான். அது இல்லாவிட்டால் தொண்டை எரியும்.

வடிகட்டி, குளிர்ந்த கோப்பையில் ஊற்றி, மேலே எலுமிச்சைத் தோலை முறுக்கினேன். அந்த எண்ணெய் வாசத்துக்காகவே இன்னொன்று கலக்கலாம் என்று தோன்றியது. கலக்கவில்லை.

ஆமாம், திறந்த வெர்மூத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அதுவும் ஒயின்தான், கெட்டுப்போகும்.