மரத்த விரலும் மொட்டை ஊசியும்

மே 12, தங்கச்சிமடம்

மதுரையிலிருந்து நேற்று ராத்திரிதான் திரும்பினோம். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கிற பாக்லிடாக்சல் ஏற ஏற விரல் நுனி மரத்துக்கொண்டே வருகிறது. நரம்பு நுனிகளைப் பாதிக்கிற மருந்து அது, கை கால் இரண்டிலும் தெரியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காலையில் எம்பிராய்டரிக்கு உட்கார்ந்து கேஸ்மெண்ட் துணியில் காம்புத் தையல் போட்டேன். ஊசி குத்தியதே தெரியவில்லை, துணியில் சிவப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. வெள்ளையணு இறங்கியிருக்கும் நாட்களில் சின்னக் காயம்கூட ஆகாது. அதிலும் அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்த இடது கையில் குத்துப்படவே கூடாது. பிரேமைப் பிடிப்பதும் அந்தக் கைதான்.

மே 15

மேட்டித் துணிக்கு மாறிவிட்டேன். ஓட்டை கண்ணுக்குத் தெரியும், மொட்டை ஊசி போதும். அம்மா பழைய பனியன் துணியைக் கிழித்து என் விரல்களில் சுற்றிவிட்டாள். பாசி எடுக்கக் கடலில் முங்கும்போது அவள் இப்படித்தான் சுற்றிக்கொள்வாள், பாறை விரலைக் கிழிக்கும். பிடி வழுக்காமல் நன்றாகவே இருக்கிறது.

மே 23

பார்க்க வருகிறவர்கள் “பூப் போடு, மயில் போடு, மனசு லேசாகும்” என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் மறப்பதற்காக நான் ஊசி எடுக்கவில்லை. மேமோகிராமில் பார்த்த கட்டியைப் போடுகிறேன். படத்தில் அது வெள்ளை. கறுப்பு மேட்டியில் ஓட்டை தெரியாது என்பதால் வெள்ளைத் துணியில் கருநீல நூல். நடுவில் அடைசலாகப் பிரெஞ்சு முடிச்சு, ஓரத்தில் நாலாபக்கமும் நீளும் முள். அந்த முள்ளோரத்தைப் பார்த்துத்தான் டாக்டர் முகம் மாறியது. அன்றைக்கு அரை நிமிஷம்கூட அந்தப் படத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இப்போது ஒரு முள்ளோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 2

ஆக்னஸ் ரிக்டர் என்ற தையற்காரியைப் பற்றிப் படித்தேன். ஜெர்மனியில் மனநலக் காப்பகத்தில் இருந்தவள். 1895 வாக்கில் அங்கே ஒரு சட்டையைத் தைத்து, உள்ளும் புறமும் நூலால் எழுதி நிரப்பியிருக்கிறாள். அது இப்போது ஹைடல்பர்க்கில், காப்பகங்களில் இருந்தவர்கள் செய்த கலைப்பொருள்களை வைத்திருக்கும் பிரின்ஸ்ஹார்ன் சேகரிப்பில் இருக்கிறது. பல வரிகளை இன்று படிக்க முடியவில்லையாம். அவள் எழுதியது பிறர் படிக்கவா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஜூன் 15

மீன்பிடித் தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. தெருவில் ஐஸ் வண்டிச் சத்தம்.

அம்மா துணியைக் கையில் வாங்கி, “மரிக்கொழுந்துப் பாசியா தாயி?” என்றாள். இல்லையென்று சொல்லி, என்னவென்றும் சொன்னேன். இத்தனை மாசத்தில் அவளுக்கு யாரும் அந்தப் படத்தைக் காட்டவில்லை, நானும்தான்.

“இதையா அறுத்து எடுத்தாக?”

ஒவ்வொரு முள்ளாகத் தடவினாள். பிறகு, “அடியோட எடுத்துட்டாகளா?” என்றாள். பாசி எடுத்தவளுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். அடியை விட்டு நுனியைக் கிள்ளினால் பாசி மறுபடி தழைக்கும், அதற்காகவே விட்டு எடுப்பார்கள். வெட்டிய சதையின் ஓரத்தில் மை தடவி, அந்த மையில் புற்றுசெல் தொடுகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், எனக்குத் தொடவில்லை என்றேன். கண்ணுக்குத் தெரியாமல் வேறெங்கும் ஒதுங்கியிருந்தால் அதற்குத்தான் மருந்து என்றும் சொன்னேன்.

“அப்ப அந்த மையையும் போடு. அதைப் போடாம எப்புடி முடியும்?”

ஜூன் 18

சங்கிலித் தையலில் மை ஓரம் போட ஆரம்பித்திருக்கிறேன். பச்சை நூல், அம்மா எடுத்துக் கொடுத்தது. முள்ளுக்கும் ஓரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று ரிப்போர்ட்டிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த மருந்துக்குப் போகும்போது துணியோடு போய் டாக்டரிடமே கேட்டுவிடுவேன். அம்மாவும் வருகிறாள், அவளுக்கும் கேட்க இருக்கிறது.