மெட்-சர்ஜ் ப்ராக்டிகல்: கேர் பிளானின் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுகிறீர்கள்?

ரிசல்ட் வந்துவிட்டது, மெட்-சர்ஜ் (மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங்) பாஸ். அப்பாடா! தியரி பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு ரேங்க் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வார்டில் இன்டர்வென்ஷன் (நோயாளிக்கு நாம் செய்யும் பராமரிப்பு) கற்றுக்கொள்வது பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாதிப் பேருடைய கேர் பிளான் (நோயாளிக்கு என்ன செய்கிறோம், பலன் என்ன என்று எழுதும் திட்டம்) சீனியர் ஃபைலில் இருந்துதான் வருகிறது. 'மானிட்டர் வைட்டல்ஸ், ப்ரொவைட் கம்ஃபர்டபிள் பொசிஷன்' என்ற வரிகள் நிமோனியாவுக்கும் இருக்கும், கால் முறிவுக்கும் இருக்கும். கடைசிக் கட்டமான எவாலுவேஷனில் 'பேஷன்ட் ஃபீல்ஸ் பெட்டர்'. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேட்கப்போவது ஒன்றுதான்: எதை வைத்து பெட்டர் என்கிறாய்?

அதனால் எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், செய்து முடித்து கொஞ்ச நேரம் கழித்து அதே எண்ணை மறுபடியும் பாருங்கள். என்னைக் காப்பாற்றியது இது மட்டும்தான்.

மெடிக்கல் வார்டில் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) தாத்தா ஒருவர், கட்டிலில் சரிந்து கிடந்தார். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 85 சதவீதம், மூச்சு நிமிடத்துக்கு 30. கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தும் கைப்பிடி சுற்றவே இல்லை (எந்த வார்டில்தான் சுற்றுகிறது?), தலையணைகளை அடுக்கி உட்கார வைத்து, கார்டியாக் டேபிளை (கட்டிலுக்குக் குறுக்கே வரும் மேசை) இழுத்து அதன்மேல் சாய்ந்துகொள்ளச் சொன்னேன். "சூடான காபியை ஊதுவதுபோல மெதுவாக ஊதுங்க தாத்தா" என்று கூடவே ஊதிக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் சாச்சுரேஷன் 89, மூச்சு 24. அவர் மகனோ ஆக்சிஜனை இன்னும் கூட்டச் சொல்லி ஒரே சண்டை. இவருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு தேங்க வாய்ப்பு உண்டு என்று எங்கள் டீச்சர் மேம் அங்கேயே விளக்கினார். அந்த ரேஷனலை (ஏன் செய்கிறோம் என்ற காரணத்தை) நான் அப்புறம் மனப்பாடம் செய்ய வேண்டியே இருக்கவில்லை.

பரீட்சையில் எனக்கு விழுந்தது ஹார்ட் ஃபெயிலியர் கேஸ். காலை எடை, யூரின் அவுட்புட், கால் வீக்கம் என்று இதே வழியில் போனேன், போதுமானதாக இருந்தது.

எண் மாறவில்லையா, அதையும் எழுதுங்கள். 'கோல் நாட் மெட்' (இலக்கு எட்டவில்லை), அடுத்து என்ன மாற்றினேன் என்று எழுதினால் எக்ஸ்டர்னலுக்குப் பிடிக்கிறது.

மற்றவை:

- மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள், நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மாற்றி விடுவார்கள்.
- சுகர் 70-க்குக் கீழே, நினைவோடு இருந்து விழுங்க முடிகிறது என்றால் 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பார்ப்பதைத்தான் எல்லோரும் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) விடுகிறார்கள்.
- சக்ஷன் (குழாயால் சளியை உறிஞ்சி எடுப்பது) ஒரு தடவைக்கு 15 வினாடியைத் தாண்டக் கூடாது. முன்னும் பின்னும் ஆக்சிஜன்.
- வலி ஊசிக்கு முன்பு ஒரு பெயின் ஸ்கோர், பின்பு ஒன்று.

ஒரு வார்டில் எங்களை வைட்டல்ஸ் பார்க்கவும் லேபுக்கு சாம்பிள் கொண்டு ஓடவும்தான் வைத்திருந்தார்கள், எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எண்கள் கிடைப்பது அந்த வைட்டல்ஸ் ரவுண்டில்தான். நான் அதிகம் பேசாத ஆள், பெட் பக்கத்தில் நிற்பது எனக்கு ஒத்துவந்தது. பேச வருகிறவர்கள் நைட் டியூட்டி சிஸ்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள், கூட்டம் குறைந்த நேரத்தில் நிறையச் சொல்லித் தருவார்கள்.

அப்புறம், லாக் புக் கையெழுத்தை அன்றன்றைக்கே வாங்கிவிடுங்கள். போஸ்டிங் மாறிய பிறகு மேமைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.